கார்ட்டூனில் எந்தக் கதவு திறக்கும் என்று முன்பே தெரிந்துவிடுவது ஏன்?

கேள்வி: செந்தூலிலிருந்து ஒரு வாசகி, 7 மார்ச் 2025

என் மகளுக்கு எட்டு வயது. பழைய கார்ட்டூன் என்றால் உயிர். நேற்று ஒரு காட்சியில் வரிசையாக ஐந்து கதவுகள். "மூணாவது கதவுதாம்மா திறக்கும்" என்றாள். திறந்தது. அடுத்து ஒரு மலைச்சரிவு, நிறையக் கற்கள். "அந்தக் கல்லு விழும் பாருங்க" என்றாள். விழுந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால், "அது மட்டும் வேற மாதிரி இருக்கு" என்கிறாள். பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. இது அந்தக் காலத்துக் குறையா, வேண்டுமென்றே செய்ததா? இந்தத் தோற்றத்தையெல்லாம் இப்போது கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கொண்டுவந்துவிடலாம் என்கிறான் என் தம்பி. அப்படியென்றால் கையால் வரைந்ததைப் பற்றி ஏன் இன்னும் இவ்வளவு பேசுகிறோம்?

8 மார்ச், காலை

உங்கள் மகளுக்கு நல்ல கண். அந்தக் கதவும் அந்தக் கல்லும் வேறு ஆள், வேறு பெயிண்டில், வேறு பொருளின்மேல் தீட்டியவை.

1992லிருந்து நான்கு வருடம் கோலாலம்பூரில் ஒரு சிறிய அனிமேஷன் நிறுவனத்தில் அந்த 'வேற மாதிரி' கல்லுக்குப் பெயிண்ட் அடித்தவள் நான். வெளிநாட்டுத் தொடர்களின் வேலை துண்டு துண்டாக எங்களிடம் வரும். முதல் இரண்டு வருடம் பெயிண்டிங், அப்புறம் இன்பிட்வீன், அதாவது இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவே வருகிற படங்களை வரைவது.

பின்னணி என்பது ஒரே ஓர் ஓவியம். கெட்டித் தாளில் போஸ்டர் கலரிலோ நீர்வண்ணத்திலோ ஒருவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தீட்டுவார். கல்லில் பாசி இருக்கும், நிழல் மெல்லக் கரையும், தூரத்து மரம் மங்கலாகும். பெரும்பாலும் கோடே இருக்காது. அசைய வேண்டியது எதுவும் அந்தத் தாளில் இருக்க முடியாது, அது செல்லில் வரும். செல் என்றால் கண்ணாடி மாதிரியான அசிட்டேட் ஷீட். முன்பக்கம் கோடு, பின்பக்கம் பெயிண்ட். ஒரு கோட்டுக்குள் ஒரே நிறம்தான். ஏனென்றால் அந்தக் கல் உருண்டு கீழே சேரும்வரை இருபது ஷீட்டில் அதையே தீட்ட வேண்டும். பாசியை இருபது தடவை ஒரே மாதிரி போட யாராலும் முடியாது.

"பின்னணிக் கல்லோடு சேர்கிற மாதிரி கலக்கு" என்று சூப்பர்வைசர் ஒரு துண்டுத் தாளில் நிறத்தைத் தொட்டுக் கொடுப்பார். கலந்து, செல்லின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் புரட்டிப் பார்ப்பேன். ஈரத்தில் சரியாக இருந்த நிறம் காய்ந்தால் ஒரு படி மாறியிருக்கும். மறுபடி கலப்பேன். எவ்வளவு கலந்தாலும் ஒரு கல் பாசி படிந்த கல், இன்னொன்று பெயிண்ட் அடித்த கல். எட்டு வயதுக் குழந்தைக்கு அது போதும்.

குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமென்று செய்ததும் இல்லை. இரண்டு பேர் கை சேர்கிற இடத்தில் தெரிகிற தையல் அது.

8 மார்ச், இரவு

காலையில் எழுதியதில் பாதிதான் இருக்கிறது. சமைக்கும்போது ஞாபகம் வந்தது.

செல் கண்ணாடி மாதிரி என்று சொன்னேன். கண்ணாடி இல்லை. ஒரு ஷீட்டைத் தனியாகப் பார்த்தால் தெளிவாக இருக்கும், நான்கை அடுக்கினால் அடியில் இருப்பது மங்கும், லேசாகப் பழுப்பாகும். ஒரே காட்சியில் அடியில் ஒரு பாத்திரம், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் பேசுகிற வாய் மட்டும் என்று நான்கைந்து அடுக்கு வரும். அதனால் ஒரே சிவப்புச் சட்டைக்கு எங்களிடம் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பாட்டில். அடியில் போகிற சிவப்பைக் கொஞ்சம் வெளிச்சமாகக் கலக்க வேண்டும்.

ஒரு தடவை இரண்டாம் அடுக்குக்கு நான்காம் அடுக்கின் நீலத்தை எடுத்துவிட்டேன். நாற்பது செல். கேமரா அறைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. காட்சியில் வரும் பையனின் கால்சட்டை ஒரு ஷாட்டில் ஒரு நீலம், அடுத்த ஷாட்டில் இன்னொரு நீலம். இரவு முழுக்க உட்கார்ந்து நாற்பதையும் திரும்பத் தீட்டினேன். விடியும்போது பக்கத்து மேசை அக்கா கோப்பி வாங்கிவந்து கையில் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆக அந்தக் கதவு ஏன் வேறு மாதிரி என்பதற்கு மூன்று காரணம்: பெயிண்ட், கோடு, மேலே கிடக்கிற பிளாஸ்டிக்கின் கனம். இன்னொன்றும் சேர்க்கலாம். கேமராவுக்குக் கீழே கண்ணாடி வைத்து அழுத்தினாலும் மேல் செல் அடியில் மெல்லிய நிழல் போடும். உற்றுப் பார்த்தால் பாத்திரத்தின் ஓரத்தில் முடி அளவுக்குக் கறுப்பு தெரியும்.

9 மார்ச்

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா?

இல்லை. அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1914ல் கெர்ட்டி என்ற டைனோசரை அசைத்துக் காட்டியபோது செல் கிடையாது. எல்லாம் தாள். டைனோசர் தலையைத் திருப்பினால் பின்னால் இருக்கும் பாறை, தண்ணீர், மரம் எல்லாவற்றையும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரைய வேண்டும். அதற்கென்றே ஓர் உதவியாளர். ஆயிரக்கணக்கான தாளில் அதே மலை. அதனால் அந்தப் படத்தில் மலையும் நடுங்கும். எல்லாமே ஒரே கோடு, எல்லாமே கொஞ்சம் துடிக்கும். அதில் எது அசையப்போகிறது என்று உங்கள் மகளால் சொல்ல முடியாது.

அதே வருடம்தான் ஏர்ல் ஹர்ட் அமெரிக்காவில் செல் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கிறார். அதன்பின் மலையை ஒரு தடவை வரைந்தால் போதும், நின்றுவிட்டது. அந்தத் தையல் விழத் தொடங்கியது அங்கேதான்.

11 மார்ச்

தம்பியின் பொத்தானுக்கு வருகிறேன். இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன்.

நடுங்குகிற கோட்டைப் போட இன்றைய மென்பொருளில் வசதி இருக்கிறது. நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒன்று உறுத்தும். என்ன என்று சொல்ல, அந்த மேசையில் என்ன நடக்கும் என்று முதலில் சொல்ல வேண்டும்.

லைட் பாக்ஸ், அதன் அடியில் பெக் பார்: நடுவில் ஓர் உருண்டை முளை, இரண்டு பக்கமும் தட்டையான முளை. தாளில் அதே மாதிரி துளை. மாட்டினால் தாள் அசையாது. தலைமை அனிமேட்டர் போட்ட கீ டிராயிங் இரண்டு வரும், தலை இடப்பக்கம் பார்ப்பது ஒன்று, வலப்பக்கம் பார்ப்பது ஒன்று. ஓரத்தில் சின்ன ஏணி மாதிரி ஒரு படம் போட்டிருப்பார். ஏணிப் படிகள் எங்கே நெருங்கியிருக்கின்றனவோ அங்கே அசைவு மெதுவாக இருக்கும், எங்கே விலகியிருக்கின்றனவோ அங்கே வேகம். அந்தப் படிகளை நிரப்புவதுதான் இன்பிட்வீன் வேலை.

முதல் வாரம் நான் இரண்டு படத்துக்கும் சரியாக நடுவில் கோடு போட்டேன். அளந்து போட்டேன். எங்கள் சீனியர் ஈப்போக்காரச் சீன அம்மா, தாள்களை எடுத்து விரலிடுக்குகளில் செருகி முன்னும் பின்னும் புரட்டினார். தலை திரும்பவில்லை, ஒரு தட்டு நகர்ந்த மாதிரி நகர்ந்தது. ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்து, தன் தலையை இடமிருந்து வலமாகத் திருப்பிக் காட்டினார். தாடை நடுவில் கொஞ்சம் கீழே இறங்கியது. கண் மூடித் திறந்தது. நாமெல்லாரும் அப்படித்தான் திரும்புகிறோம், கவனித்ததில்லை. அழித்துவிட்டுத் தாடையை இறக்கினேன், இமையை மூடினேன். புரட்டினால் ஓர் ஆள் திரும்பினார்.

அதைத்தான் சொல்லவருகிறேன். ஒவ்வொரு தாளிலும் யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். மூக்கு நுனி சுலபம், கோடு உறுதியாக விழும். கன்னத்தின் வளைவு கஷ்டம், அங்கே தயங்கும். ஆகவே மூக்கு ஆடாது, கன்னம் ஆடும். பொத்தான் போடுகிற நடுக்கம் மூக்கிலும் கன்னத்திலும் நாற்காலிக் காலிலும் ஒரே அளவு. தயங்க அதற்குக் காரணம் இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

12 மார்ச்

"ஒரு வினாடிக்கு எத்தனை படம் வரைய வேண்டும், 24ஆ?" என்று கேட்டவருக்கு: பிலிமில் வினாடிக்கு 24 கட்டம். ஒவ்வொரு டிராயிங்கையும் இரண்டு கட்டம் எடுப்போம், 'ஆன் டூஸ்' என்போம். அப்போது 12 டிராயிங் போதும். வேகமாக ஓடும்போதும் கேமரா நகரும்போதும் மட்டும் கட்டத்துக்கு ஒன்று, அது 'ஆன் ஒன்ஸ்'. அரைமணி நேரத் தொடரில் விளம்பரம் போக 22 நிமிடம் என்றால், கணக்குப்படி 15,840 டிராயிங். தொலைக்காட்சியில் அவ்வளவு போட மாட்டார்கள், அதைத் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று. புது டிவிகளில் அசைவை வழுக்கலாக்கும் ஒரு வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். பழைய கார்ட்டூன் பார்க்கும்போது தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். இரண்டு டிராயிங்குக்கு நடுவில் டிவி தானாக ஒரு படத்தைச் செய்து செருகுகிறது. அனிமேட்டர் யோசித்து விட்ட இடைவெளியை அது அடைத்துவிடும்.

15 மார்ச்

சொன்னபடி, தொலைக்காட்சியில் ஏன் அவ்வளவு டிராயிங் போட மாட்டார்கள் என்று எழுதுகிறேன்.

சின்ன வயதில் பினாங்கில் வீட்டில் ஒரே டிவி. யோகி பேர் கார்ட்டூனில் சட்டையே போடாத கரடி கழுத்தில் மட்டும் காலரும் டையும் கட்டியிருக்கும். அப்பா சைன்போர்டு எழுதுகிறவர், அவரிடம் கேட்டேன். "ஆபீசு வேலை பாக்குது போல" என்றார். பத்து வருடம் கழித்து மேசையில் உட்கார்ந்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

அந்தக் கரடியைப் படைத்த ஹன்னாவும் பார்பெராவும் திரையரங்குக் குறும்படங்களை விட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தபோது பணம் சொற்பம், நேரம் அதைவிடச் சொற்பம். கரடி பேசும்போது உடம்பை ஒரே செல்லில் நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் வேறு செல்லில் அசைத்தார்கள். தலையும் உடம்பும் சேர்கிற கோடு கழுத்தில் தெரியுமே, அதை மறைக்கக் காலர். அவ்வளவுதான். இன்று அந்தக் காலர் இல்லாமல் அந்தக் கரடியை யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

ஜப்பானில் 1963ல் ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் வாராவாரம் வந்தபோதும் இதே நெருக்கடி. நின்ற படங்கள், வாய் மட்டும் அசைவது, ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது. நின்ற படம்தான் என்பதால் அதை அழகாக வரைந்தே ஆகவேண்டும். காற்றில் முடி மட்டும் ஆடும், முகம் அசையாது, நாம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். சிக்கனத்துக்குச் செய்ததுதான், பார்க்கிறவர் நெஞ்சில் நின்றது.

இதனால் குறைந்த சம்பளமும் நெருக்கும் கெடுவும் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கண்ணும் முதுகும் அதில்தான் போயின.

16 மார்ச்

"அமெரிக்கா, ஜப்பான் என்று பேசுகிறீர்கள், நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று காஜாங்கிலிருந்து ஒருவர்.

நம் மலேசியாவின் முதல் கார்ட்டூன் படம் ஹிகாயத் சாங் கான்சில், சருகுமானின் கதை. செய்தவர் ஆனந்தம் சேவியர். அரசின் திரைப்பட நிறுவனமான ஃபிலெம் நெகாரா மலேசியாவில் செட் வடிவமைப்பாளராக இருந்தவர். வசதி மிகக் குறைவு, பல வருட உழைப்பு, 1983ல் அரசுத் தொலைக்காட்சி ஆர்டிஎம்மில் வந்தது. சருகுமான் கதை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். முதலைகளை வரிசையில் நிற்கவைத்து எண்ணுகிறேன் என்று முதுகுமேல் குதித்தே ஆற்றைக் கடந்துவிடும். முதலையைத் தொட்ட கதையும் பின்னால் படமானது.

இன்றைய மலேசியக் கார்ட்டூன்களான உப்பின் இப்பினையும் போபோய்போயையும் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். அவற்றுக்கு முன்னால் இந்த நாட்டில் விளக்கடியில் குனிந்து சருகுமானைத் தாள் தாளாக நடக்கவைத்தவர் பெயர் ஆனந்தம் சேவியர் என்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். நான் எடுக்கும் வரைகலை வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

22 மார்ச்

இன்று பரண்மேலிருந்த பெட்டியை இறக்கினேன். இந்தப் பேச்சு நடக்காவிட்டால் இறக்கியிருக்க மாட்டேன்.

பத்தொன்பது செல். வேலையை விட்டபோது கூட இருந்தவர்கள் எனக்கென்று எடுத்துவைத்தது. ஜெலுத்தோங் வீட்டில் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி, டேப் ஒட்டி, இத்தனை வருடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். டேப்பைக் கிழித்ததும் காடி வாடை. ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறியது. ஷீட்டுகள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. ஒரு சிறுமியின் மஞ்சள் பாவாடை அப்படியே உரிந்து இடையில் வைத்த தாளோடு போய்விட்டது. கையில் மிஞ்சியது கோடு மட்டும், உள்ளே ஒன்றுமில்லாத சிறுமி.

வெக்கையும் ஈரமும் பட்டால் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். அதுதான் காடியின் அமிலம். விட்ட அமிலம் வெளியேறாமல் உள்ளேயே நின்றால் மிச்சத்தையும் வேகமாக அரிக்கும். இறுக்கி மூடியதுதான் நான் செய்த தவறு. யாரிடமாவது பழைய செல் இருந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அமிலம் இல்லாத தாளை இடையில் வைத்து, காற்றுப் போகிற பெட்டியில், வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். வாடை வந்த செல்லை நல்ல செல்லோடு சேர்க்காதீர்கள்.

இந்தப் பத்தொன்பதாவது தப்பியது. மற்றதை நாங்களே கழுவினோம். படம் பிடித்து முடிந்ததும் செல்களைத் தொட்டியில் ஊறவைக்கச் சொல்வார்கள். புது ஷீட் விலை அதிகம், கழுவினால் சின்ன வேலைக்குத் திரும்ப ஆகும். ஊறியதும் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வரும். போன வாரம் நான் தீட்டிய முகம், ஒரு முழு முகம், கண்ணும் கன்னமும் சேர்ந்து ஒரே தோலாகத் தண்ணீரில் மிதக்கும். கையால் அள்ளிக் குப்பையில் போட வேண்டும். தொட்டித் தண்ணீர் முதலில் பல நிறமாக இருக்கும், அப்புறம் எல்லாம் கலந்து சேறாகிவிடும். யாரும் எங்களிடம் ஒன்று வேண்டுமா என்று கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

23 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. உரிந்த பாவாடையைத் தாளோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.

11ஆம் தேதி எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். இயந்திரம் என்றாலே கைக்கு எதிரி என்ற மாதிரி எழுதிவிட்டேன். அது சரியில்லை.

டிஸ்னியில் 1959ல் வந்த ஸ்லீப்பிங் பியூட்டி வரை அனிமேட்டரின் பென்சில் கோட்டை வேறு பெண்கள் மையில் செல்லின்மேல் இழுத்தார்கள். அற்புதமான கை அவர்களுக்கு. ஆனால் அது அனிமேட்டரின் கோடு இல்லை, அதன் நகல். 1961ல் 101 டால்மேஷன்ஸ் படத்துக்கு அப் ஐவர்க்ஸ் என்பவர் நகலெடுக்கும் இயந்திரத்தை மாற்றியமைத்தார். பென்சில் கோடு நேராகச் செல்லில் ஏறியது, சொரசொரப்பும் அழிக்காத பிசிறும் சேர்ந்து. வால்ட் டிஸ்னிக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. எனக்கோ அந்த நாய்க்குட்டிகளின் முதுகுக் கோடு மிகவும் பிடிக்கும், வரைந்தவர் பென்சிலை எங்கே அழுத்தினார் என்றுகூடத் தெரியும். ஆக அங்கே இயந்திரம்தான் கையைத் திரைக்குக் கொண்டுவந்தது.

மை இழுத்த பெண்களின் வேலை அதனால் போனது என்பதையும் மறக்க முடியவில்லை. நானும் அந்த வரிசையில் வந்தவள்தானே.

பிறகு 2013ல் ஜப்பானிய இயக்குநர் இசாவோ தக்காஹத்தாவின் இளவரசி கக்குயா என்ற படம். பென்சில் கோடு அப்படியே, நிறம் ஓரம் வரை போகாமல் பாதியில் நிற்கும், கோபத்தில் அவள் ஓடும்போது கோடுகளே கிறுக்கலாகச் சிதறும். அந்தக் கிறுக்கலையும் திரைக்குக் கொண்டுவந்தது கணினிதான். செல் போய்விட்டதால் பாத்திரமும் பின்னணியும் ஒரே நீர்வண்ணம் மாதிரி இருக்கும், தையலே இல்லை. கெர்ட்டியின் மலைக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது எனக்கு.

2018ல் வந்த ஸ்பைடர்-மேன் படம், இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ், முழுக்கக் கணினிதான். அதில் பையனைப் பல இடங்களில் வேண்டுமென்றே 'டூஸ்'ல் அசைத்தார்கள். தம்பி அதைப் பார்த்திருப்பார். அங்கே யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் முடிவு செய்திருக்கிறார்கள், எங்கே டூஸ், எங்கே ஒன்ஸ் என்று. ஆகவே என் வழக்கு கணினியோடு இல்லை. யாரும் முடிவெடுக்காத கோட்டோடுதான்.

24 மார்ச்

ராமாயணக் கார்ட்டூன் படம் பற்றிக் கேட்டவருக்கு: யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து செய்தது, இந்திய ஜப்பானியக் கூட்டு, முழுக்கக் கையால். 2025 ஜனவரியில் இந்தியாவில் 4கே தெளிவில் தமிழிலும் வெளியிட்டார்கள். செல் படத்தை அந்தத் தெளிவில் பார்க்கக் கிடைத்தால் பாத்திரத்தின் ஓரத்து நிழலைத் தேடுங்கள், 8ஆம் தேதி சொன்னேனே, அது.

1 ஏப்ரல், நோன்புப் பெருநாள் விடுமுறை

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர் ஒருவர் அழகாக எழுதியிருந்தார். மை இழுக்கிற கையும் கோலம் போடுகிற கையும் ஒன்று, தமிழ்ப் பெண்களுக்கு இந்த வேலை இயல்பாகவே வரும் என்று.

ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோலம் ஒரு தடவை போடுவது. பக்கத்தில் அதே கோலத்தை இன்னொன்று போட்டு, இரண்டும் ஒன்றா என்று யாரும் வைத்துப் பார்ப்பதில்லை. எங்களுக்கு இரண்டாவதுதான் வேலையே. அதற்கு ஒரு வருடம் பிடித்தது, இயல்பாக ஒன்றும் வரவில்லை. பக்கத்து மேசை மலாய்க்கார அக்காவுக்கும் அதே ஒரு வருடம்தான்.

*(மாலை)* எழுதிவிட்டுப் பெருநாள் வீட்டுக்குப் போய்வந்தேன். வழியெல்லாம் பாட்டி ஞாபகம். தோட்டத்து லய வீட்டு வாசலில் தினமும் அதே எட்டுப் புள்ளிக் கோலம். விசேஷ நாள் தவிர மாற்ற மாட்டார். கூட்டினால் போய்விடும், மறுநாள் அதே கோலம். முட்டி வலி வந்த பிறகு கோடு கொஞ்சம் குட்டையாகியது, வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நேற்றையதும் இன்றையதும் அடுத்தடுத்து இருந்தால்தானே தெரியும். எல்லாக் காலையிலும் ஒரு படம் எடுத்து வைத்து, வினாடிக்குப் பன்னிரண்டாக ஓட்டியிருந்தால் பாட்டியின் கோலம் மூச்சு விட்டிருக்கும்.

வாசகரே, காலையில் மறுத்ததை முழுவதும் திரும்ப வாங்கவில்லை, பாதி வாங்கிக்கொள்கிறேன்.

6 ஏப்ரல்

வீட்டில் செய்துபார்க்க வழி கேட்டிருக்கிறீர்கள். செந்தூல் அம்மாவும் கேட்டார்.

பெக் பார் வாங்க வேண்டாம். ஆபீசில் இருக்கும் சாதாரண இரண்டு துளைப் பஞ்ச் போதும். துளை 6 மில்லிமீட்டர், இரண்டு துளைக்கும் நடுவே 8 சென்டிமீட்டர். ஹார்ட்வேர் கடையில் 6 மில்லிமீட்டர் மரக்குச்சி கிடைக்கும், விரல்கடை நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, அதே இடைவெளியில் ஒரு கெட்டி அட்டைமேல் பசை போட்டு நிறுத்துங்கள். தாளை அதில் மாட்டுங்கள். அடியில் வெளிச்சம் வேண்டும் என்றால் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து உள்ளே கைப்பேசி டார்ச். மெல்லிய தாளாக இருக்கட்டும்.

முதல் படமும் கடைசிப் படமும் முதலில். அப்புறம் நடுப்படம். அப்புறம் இடைகள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாக வரைந்துகொண்டே போனால் தலை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிவிடும், எல்லாப் பிள்ளைகளுக்கும் வீங்குகிறது. படம் எடுக்கும்போது கைப்பேசியை எதிலாவது கட்டி நிறுத்துங்கள், கையில் பிடிக்காதீர்கள்.

20 ஏப்ரல்

செந்தூலிலிருந்து உறை வந்தது. பன்னிரண்டு தாள், கலர் பென்சில். ஒரு சுவர், ஐந்து கதவு, நான்காவது கதவு திறந்து பூனை எட்டிப் பார்க்கிறது. சுவரும் நான்கு கதவும் பழுப்பு. திறக்கிற கதவு மட்டும் பளிச்சென்று சிவப்பு. தாளில்தான் வரைந்திருக்கிறாள், செல் இல்லை, எல்லாம் ஒரே பென்சில். நிறம் மாற ஒரு காரணமும் கிடையாது. அம்மா கேட்டதற்கு, "அப்பதான் எது திறக்கும்னு பாக்கறவங்களுக்குத் தெரியும்" என்றாளாம்.

விரலிடுக்கில் செருகிப் புரட்டினேன். ஐந்து தடவை புரட்டியிருப்பேன். சுவரையும் பன்னிரண்டு தடவை வரைந்திருப்பதால் சுவர் ஆடுகிறது. ஏழாவது தாளில் கதவின் கீழ்க்கீல் அரிசி அளவுக்கு மேலே ஏறியிருக்கிறது, அதனால் கதவு திறக்கும்போது ஒரு துள்ளு துள்ளுகிறது. பூனை தள்ளித்தான் திறந்தது என்று அதில்தான் தெரிகிறது.

ஏழாவது தாளை அழித்துத் திரும்ப வரையட்டுமா என்று அம்மா ஒரு சீட்டு வைத்திருந்தார். வேண்டாம் அம்மா, அப்படியே இருக்கட்டும். தாள்களை நாளைக்குத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். ஓரத்தில் பென்சிலில் எண் போட்டிருக்கிறேன், அதை மட்டும் அழிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.